நாற்பத்தொரு டிகிரிச் சுவர்

வியாழக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு
அலுவலகக் குழுவில் மூன்று வரி வந்தது.
வீட்டு மின்சிக்கன மானியம் ரத்து.
ஒப்புதலான விண்ணப்பங்களுக்கும் பொருந்தும்.
கேமராக்களை ஞாயிறன்று ஒப்படைக்கவும்.
கீழே பிஜு சார் ஒரு கும்பிடு போட்டிருந்தார்,
எதற்கென்று தெரியவில்லை.

நான் அப்போது முஹர்ரக்கில்
ஒரு சந்தின் நிழலோரமாக நடந்துகொண்டிருந்தேன்.
தோளில் வெப்பக் கேமரா,
பையில் அளவு நாடா, ஒரு சுருள் ரப்பர்ப் பட்டை,
நாற்பத்து மூன்றாம் எண் ஃபைல்.

இரண்டு வருடமாக என் வேலை
அடுத்தவர் வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது.
தண்ணீர் இல்லை, குளிர்.
திரையில் கதவிடுக்கு செம்மஞ்சள் நாக்கை நீட்டும்.
வீட்டுக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்று
பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.
இவ்வளவு காசா வெளியே போகுது என்று
அரபியில் கேட்பார்கள், உருதுவில் கேட்பார்கள்.
எல்லா மொழிக்கும் ஒரே தலையாட்டல் போதும்.

ஜாசிம் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.
செவ்வாயே வந்து பழைய ஜன்னல் ஏசியைக்
கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.
பழையதைக் கொடுத்தால்தான் புதியது. விதி ஆறு.
கையெழுத்து வாங்கியவள் நான்.
சுவரில் சதுர ஓட்டை.
சோப்புத்தூள் அட்டைப்பெட்டியைப் பிரித்து
அதில் செருகி ஒட்டியிருந்தார்.
காற்றடிக்கும்போதெல்லாம் அட்டை
உப்பியது, ஒட்டியது, உப்பியது.

அவர் மனைவி பத்ரியா
கைக்குழந்தையை ஈரத்துண்டின்மேல் கிடத்தியிருந்தாள்.
புதுசு இன்றைக்கா, சனிக்கிழமையா?
கேட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்,
பதிலுக்கு அவசரமில்லாதவள்போல்.

கோபப்படலாமா என்று பார்த்தேன்.
ஆனால் என் ஃபைல்கள் எனக்குத் தெரியும்.
முதலில் ஒப்புதலானவை எல்லாம் ரிஃபாவில்,
பதினோரு ஏசி ஓடும் வீடுகள்.
நீச்சல் குளத்தைக் குளிர்விக்கும் எந்திரத்துக்கும்
ஒருவர் மானியம் வாங்கினார்.
அந்தப் படிவத்தை நிரப்பியதும் நான்தான்,
பேரீச்சம்பழமும் காவாவும் தந்தார்கள், நல்ல மனிதர்கள்.
பணம் வீணாகிறது என்று யாராவது சொன்னால்
பாதி உண்மை.
அந்தப் பாதிக்கு இந்த வீடு முழுசாக வேகிறது.

எங்கள் கதை வேறு.
குதைபியாவில் ஓர் அறை, நான்கு பெண்கள்,
கரண்ட் பில்லை நான்காக வகுப்போம்.
ரோஸ்லினுக்கு இரவு ஷிஃப்ட் வரும் மாதம்
அவள் பங்கில் கால்வாசி கழிவு, அதற்கொரு நோட்டு.
வாடகைக்காரர்களுக்கு இந்தத் திட்டம் முன்பும் இல்லை.
எங்கள் சுவரை நான் படம் பிடித்ததே இல்லை.
தெரிந்து என்ன செய்ய?

ஜாசிமிடம் சொன்னேன்.
அவர் கடல்வேலைக்காரர், வானிலை மாறியதைக் கேட்பதுபோல் கேட்டார்.
பழையதைத் திருப்பித் தருவார்களா என்றார்.
அது நசுக்கப்பட்டிருக்கும் என்று
எனக்கு அரபியில் சொல்லத் தெரியவில்லை.
இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்திக் காட்டினேன்.
கும்பிடு என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒருமுறை கேமராவைத் திறந்தேன்.
சுவர் நாற்பத்தொன்று.
பிதுங்கிய அட்டையை உள்ளே தள்ளப் போன பத்ரியா
ஒரு கையைச் சுவரில் ஊன்றி எடுத்தாள்.
எடுத்த இடத்தில் ஐந்து விரல்,
நீலமாக.
இரண்டு வருடத்தில் கைத்தடம் எத்தனையோ பார்த்திருக்கிறேன்,
குளிர்ந்த அறைகளில், எல்லாம் மஞ்சள்.
இங்கே அந்த வீட்டிலேயே குளிர்ந்த பொருள்
அவள் உடம்புதான்.
காட்டவில்லை. திரையைச் சாய்த்துக்கொண்டேன்.
ஒரு நிமிடத்துக்குள்
சுவர் அதையும் தின்றுவிட்டது.

படிவத்தில் குறிப்புப் பெட்டி பூட்டப்பட்டிருந்தது.
பையில் இருந்த ரப்பர்ப் பட்டையை வெட்டி
அட்டையின் நான்கு ஓரத்திலும் ஒட்டினேன்.
ஜாசிம் பிடித்துக்கொண்டார், பத்ரியா பல்லால் நுனியைக் கிழித்தாள்.
அட்டை ஆடுவது நின்றது.
அறை அப்படியேதான் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை கணக்குக் கேட்பார்கள்.
இரண்டரை மீட்டர் குறையும்.