அப்பால்

கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு எதிரே
நீலத் தார்ப்பாய்க்குக் கீழே என் கடை.
ஒரு கணினி, ஒரு பிரிண்டர், செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி.
திங்கட்கிழமை என்றால் மனுக்காரர் கூட்டம்.
பட்டா மாறுதலுக்கு முப்பது ரூபாய்,
விதவை உதவித்தொகைக்கு இருபது.
விரல்கள் மட்டும் பழைய விரல்கள்:
பட்டாலியன் கிளார்க்காகப் பதினேழு வருடம்
தட்டிய விரல்கள்.

நேற்று வந்தான் ஒச்சப்பன், எழுமலைக்காரன்.
ரெண்டு சென்ட் நத்தம் பட்டா விவகாரம்.
வலக்கையில் மூன்று விரல்.
மிச்சம் இரண்டைப் பனி தின்றது.
எந்தப் பனி என்று எனக்குத் தெரியும்.
அந்தப் பனிக்கு நான்தான் இங்கிலீஷ் எழுதினேன்.

பதினெட்டாயிரம் அடி. சரிவு இடிந்து
பதுங்குகுழி மூடிய இரவு.
மண்வெட்டிக் காம்பு ஒடிந்த பிறகு
வெறுங்கையால் தோண்டி எடுத்தான் மூன்று பேரை.
இரண்டு பேருக்கு மூச்சு இருந்தது.
தனிஸ்லாஸும் தோண்டினான், ஞானஒளிவுபுரத்துக்காரன்.
ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு
மருத்துவக் கூடாரம்வரை இருட்டில் நடந்தான்.
அவனும் கோழை இல்லை.
அதுதான் இதில் சிக்கல்.

கர்னல் சொன்னார்: இந்தத் தடவை நமக்கு ஒன்றுதான்.
பக்கத்து பட்டாலியனுக்கு நாலு.
அவர்களுடைய பெரியவருக்குக் கேட்கத் தெரியும்.
ஏதோ முகாமில் வெள்ளத்திலிருந்து
ஜெனரேட்டரை மீட்டவனுக்கே கிடைத்திருக்கிறதாம்.
ரெண்டு பேருக்கும் தாள் அடி, மேலே பார்த்துக்கொள்வார்கள்.

முதல் தாள் தனிஸ்லாஸுக்கு.
ரிப்பன் புதுசு, டீயில் ஆவி இருந்தது.
கடமைக்கு அப்பால், தன்னுயிரைத் துச்சமென மதித்து,
என்றெல்லாம் வந்தது.
அகராதி புரட்டி இன்னொரு சொல்லும் சேர்த்தேன்.
இரண்டாம் தாள் தொடங்கும்போது மணி பதினொன்று.
மண்ணெண்ணெய் அடுப்பு அணைந்திருந்தது.
கடமையைச் செய்தார் என்று முடித்தேன்.
இங்கிலீஷிலும் அது ஒரே ஒரு சொல்தான்,
அப்பால். விட்டுப்போனது.
மறதியா, குளிரா,
முந்தின மாதம் கேண்டீன் ரம் கணக்கில்
எல்லோர் முன்னாலும் அவன் என்னைக் கேட்ட கேள்வியா
என்று இருபத்தாறு வருடமாக
என்னையே விசாரிக்கிறேன்.
சாட்சி ஒத்துழைப்பதில்லை.

மலையில் நடந்தது மலையோடு.
டெல்லியில் ஒரு மேசைமேல்
இரண்டு தாள்கள் சண்டை போட்டன.
நல்ல தாள் ஜெயித்தது.

தனிஸ்லாஸுக்குப் பதக்கம், மாதாமாதம் தொகை,
குடியரசு தினத்தில் ஆயுதப்படை மைதானத்தில்
உறை போட்ட நாற்காலி.
ஒச்சப்பனுக்கு எல்லோருக்கும் வருவது வந்தது:
உயரத்தில் இருந்ததற்கு ஒன்று,
ஒன்பது வருடம் ஓடிப்போகாமல் இருந்ததற்கு ஒன்று,
நாடு பொன்விழா கொண்டாடிய நாளில்
சம்பளப் பட்டியலில் பேர் இருந்ததற்கு ஒன்று.
எனக்கும் வந்தது,
தளபதி கையெழுத்துப் போட்ட பாராட்டு அட்டை,
பரிந்துரைக் கோப்புகளைக்
கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பியதற்காக.

முன்னாள் படைவீரர் படிவத்தில் பதினான்காவது கட்டம்:
பெற்ற வீர விருதுகள் ஏதேனும்?
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
"இல்லைன்னு போடுப்பா" என்றான்.
போட்டேன்.
பிறகு என்ன நினைத்தேனோ
மனுவின் கடைசி வரியில்
கடமைக்கு அப்பாலும் உழைத்தவன் என்று நுழைத்தேன்.

தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்தான்.
மூன்று விரலால் அந்த வரியைத் தடவினான்.
"இது எதுக்கு? எடுத்துரு.
சர்வே நம்பரப் பெருசாப் போடு,
தாசில்தாருக்கு அதான் வேணும்."

எடுத்தேன். மறுபடி பிரிண்ட் போட்டேன்.
முப்பது ரூபாய் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.