கடைசித் தேதி போன வியாழன்

பார்க் ஸ்டேஷனில் ஏறி
கிண்டியில் இறங்கினேன்.
பையில் ஆறு பர்ஸ்கள், மாதிரிக்கு.
பெரியமேட்டுக் கிடங்குகளில் எடைக்குப் போடும்
தோல் வெட்டுத் துண்டுகளில் நான் தைத்தவை.

அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் இருந்தது,
ஒரு மூலை கழன்று
மின்விசிறிக்குத் தலையாட்டிக்கொண்டு.
பெண் தொழில்முனைவோர், சிறுபான்மையினர்
என்று தடித்த எழுத்து.
என்னைத்தான் கூப்பிடுகிறது என்று
கிட்டப் போய்ப் படித்தேன்.
கடைசித் தேதி போன வியாழன்.

போன வியாழன் என்ன செய்துகொண்டிருந்தேன்?
நூல் வாங்கினேன்.
ஜிப் கடையில் அடுத்த வாரம் தருகிறேன் என்றேன்.
மெஷின் பெல்ட் அறுந்து
இரண்டு மணி நேரம் சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
சுற்றச் சுற்ற அந்தத் தேதி
எனக்குத் தெரியாமல் முடிந்துகொண்டிருந்திருக்கிறது.

"எல்லாருக்கும் சொன்னோமேம்மா,
நம்மாளுங்க குரூப்ல அன்னைக்கே போட்டாச்சே"
என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.
கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார்.
வீட்டுக்காரர் வரவில்லையா என்று மட்டும்
இரண்டு தடவை கேட்டார்.

எல்லாருக்கும்.
தோலை விரித்துப் பார்ப்பதுபோல
அந்தச் சொல்லை விரித்துப் பார்த்தேன்.
ஓட்டை, வடு, கத்திக் கீறல்
எல்லாம் தள்ளினால்
என்ன தேறும்?

பக்கத்து யூனிட் தனசேகருக்குத் தேறியிருந்தது.
மனு போட்டாயிற்றாம், மனைவி புவனா பேரில்.
எனக்கு அவளைத் தெரியும்.
யூனிட் வாசலை மிதித்ததில்லை;
நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்,
அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

தனசேகருக்குச் சொன்னவர் ஆடிட்டர்.
ஆடிட்டருக்கு, காலை நடையில் கூட வருபவர்.
பூங்காவில் ஐந்தரைக்குச் செய்தி
ஷூ போட்டுக்கொண்டு நாலு சுற்றுப் போகிறது.
ஐந்தரைக்கு நான்
மெட்ரோ லாரிக்குக் குடம் வரிசை போட்டிருப்பேன்.
அங்கேயும் பேசுகிறோம்,
நிறையவே பேசுகிறோம்.
லாரி வருமா என்று.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே அக்கா"
என்றார் தனசேகர் பிறகு.
உண்மைதான், சொல்லியிருப்பார்.
கேட்க ஒன்று இருக்கிறது என்பதை
யாரிடம் கேட்பது?

எழுந்தேன். பர்ஸ்களைப் பைக்குள் போட்டேன்.
அவர் இழுப்பறையைத் திறந்தார்,
எனக்காக இல்லை, கண்ணாடித் துடைக்கும் துணிக்காக.
உள்ளே ஒரு தாள், புதுசு, மடிப்புக் கலையாமல்.
"இது வேற ஸ்கீம். இருபத்தெட்டு வரைக்கும் டைம் இருக்கு.
போர்டுல குத்தணும்,
பின் தீர்ந்துபோச்சு."

எத்தனை நாளாக?

அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.
முக்காட்டில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினேன்.
தாடைக்குக் கீழே துணியை ஒரு கையால் பிடித்தபடி
இன்னொரு கையால்
பலகையின் நடுவில், கண் மட்டத்தில்,
புவனாவின் கண் மட்டத்தில்,
குத்தினேன்.
போட்டோ எடுக்கக்கூடாது என்றார் வாசல் காவலாளி.
எடுத்துவிட்டிருந்தேன்.

திரும்பும் ரயிலில் முக்காடு நழுவிக்கொண்டே வந்தது.
எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் இருக்கிறார்கள்,
அதனால் குரலிலேயே சொன்னேன்:
புளியந்தோப்பில் ஃபினாயில் போடும் ஷீலாராணிக்கு,
ஓட்டேரியில் மாவு அரைக்கும் திருநங்கை மதுவந்திக்கு,
மண்ணடி ஜுனைதாவுக்கு,
நம்பர் தேடிப் பிடித்துப் புவனாவுக்கும்.
ஆதார், மூன்று கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம்,
கடைசித் தேதி இருபத்தெட்டு.
தேதியை மூன்று முறை சொன்னேன்.

சைதாப்பேட்டை தாண்டும்போது
ஷீலாராணியின் பதில் வந்தது, குரல் தாழ்த்தி,
பக்கத்தில் யாரோ இருப்பதுபோல:
"ஷம்ஷாத்து, இது நமக்கா?"

ஆமாம் என்றேன்.
எதிர் ரயில் கடந்ததில் சத்தம் அமுங்கிவிட்டது.
மறுபடி பட்டனை அழுத்தி,
பெட்டியே திரும்பிப் பார்க்க,
மறுபடி சொன்னேன்.