உமியின் வயிறு

முதலில் ஈரத்தைத்தான் பார்த்தேன்.
அது என் தொழில்.
வலங்கைமான் கொள்முதல் நிலையத்தில்
கைப்பிடி நெல்லைக் கருவியில் இட்டு
பதினேழா பத்தொன்பதா என்று சொல்கிறவன்.

அன்றிரவு வீடு திரும்பினால்
உமியின் வயிறு நனைந்திருந்தது.
விரல் வைத்தேன், மயிரில்லை.
தொடையின் உட்புறமும்
அறுத்த வயல்.

சொறி என்றார் வீட்டுக்காரர்.
வேப்பெண்ணெய் தடவச் சொன்னார் சுமைதூக்கும் சூசை.
நான் அதட்டினேன்.
நிறுத்துவாள்; கட்டிலுக்கடியில் போய்த் தொடர்வாள்.
இருட்டில் யாரோ உப்புத்தாளால்
மரத்தைத் தேய்ப்பதுபோல் அந்த ஓசை.

கும்பகோணத்தில் டாக்டர் தமயந்தி
நாலு மயிரைக் கண்ணாடித் துண்டில் வைத்து
என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.
"வேர் நல்லாருக்கு. நுனிதான் ஒடிஞ்சிருக்கு.
தானா உதிரலை, நக்கியே ஒடிச்சிருக்கா."
தெள்ளுக்குப் பிடரியில் சொட்டு மருந்து.
சிறுநீரும் பார்த்தார்,
உள்ளே வலித்தாலும் அங்கேதான் நக்குமாம்.
வேப்பெண்ணெய் என்றதும் முறைத்தார்.
பிறகு பேனாவை மூடிவிட்டு,
"வீட்ல என்ன மாறுச்சு?"

ஒன்றுமில்லை என்றேன்.
பேருந்தில் எண்ணிக்கொண்டு வந்தேன்.
குறுவை வந்தது.
ஏழுக்கு வருகிறவன் பதினொன்றுக்கு,
ஒன்றுக்கு, சில நாள் விடிந்து.
தட்டில் மீன் எப்போது விழும்
அவளுக்கும் தெரியாது, எனக்கும்.
சாரலுக்குப் பயந்து கட்டிலை நகர்த்தினேன்,
அவள் ஏறித் தெருவைப் பார்த்த கட்டில்.
இப்போது தெருவிலிருந்து
காதறுந்த கடுவன் ஒன்று அவளைப் பார்க்கிறது.

ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை அடித்தேன்.
கீழ்க் கண்ணாடியில் நாட்காட்டித் தாள்.
ஆறரைக்கு மீன், எட்டுக்கு மீன்;
நானில்லாத நாளில் மாடிவீட்டு ரெஜினா.
அதட்டுவதில்லை.
மூட்டை தைக்கும் சணலைத் தரையில் இழுத்தபடி
வேறெங்கோ போகிறவன்போல் நடப்பேன்.
சில சமயம் பாய்வாள்.
சில சமயம் என்னைப் பார்த்துவிட்டு
நக்குவாள்.

ஐந்தாம் வாரம் மறுதாம்பு துளிர்த்தது,
உள்ளங்கையில் குத்தும் குட்டை மயிர்.
ஐப்பசிக் கடைசியில் புயலறிவிப்பு.
நாற்பது டிராக்டர் வரிசை, இரண்டு நாள் நிலையத்திலேயே.
திரும்பினால் ஒரு ரூபாய் அகலத்துக்கு
மறுபடி வெறுந்தோல்.
"வரும், போகும்" என்றார் டாக்டர்.

இன்று எட்டாகக் கால்மணி இருக்கிறது.
பத்தொன்பது புள்ளி இரண்டு.
பக்கிரிசாமி நகரவில்லை.
தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு
புறங்கையைச் சொறிகிறார், சொறிகிறார்.
எப்போது வர என்று மூன்று நாளாகக் கேட்கிறார்.
பார்க்கலாம் என்றே சொல்லி வந்தேன்.

சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்:
நாளை, காலை ஒன்பது.
அவர் அதை இருமுறை படிக்கிறார்.
நான் சைக்கிளை எடுக்கிறேன்.