இரண்டு துடிப்புக்கு நடுவில்

பாசல் மகளிர் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
மணிக்கூலிக்கு மொழிபெயர்க்க வந்திருக்கிறேன்.
நிரோஜினியின் வயிற்றில் குளிர்ந்த களிம்பு.
இருபத்தொன்பது வாரம். பிள்ளை
இருபத்தைந்தின் அளவுதான்.

திரையில் ரம்பப் பற்கள்.
ஒவ்வொரு பல்லும் பிள்ளையின் ஒரு துடிப்பு,
கொடி வழியே சூல்வித்தகத்துக்குப் போகும் ரத்தம்.
பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலும்
கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

டாக்டர் எபிஷர் ஒரு சொல் சொன்னார்.
அகராதியில் அதற்கு 'இல்லை' என்று பொருள்.
ஓட்டம் இல்லை என்றால்
இவள் காதில் என்ன விழும்?
கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
போன கிழமை ஒரு வாடகைத் தகராறை
அட்சரம் பிசகாமல் சொன்ன வாய் இது.

"ரெண்டு துடிப்புக்கு நடுவில, கொஞ்ச நேரம்,
ரத்தம் நிக்குது."

அவள் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.
"நிக்குதோ, இளைப்பாறுதோ?"

ஜெர்மனில் அதைக் கேட்க எனக்கு நேரம் பிடித்தது.
டாக்டர் சிரிக்கவில்லை.
கருவியின் ஒலியைக் கூட்டினார்.
வூஷ்.

வூஷ்.

நாளையும் பார்ப்போம் என்றார்,
பின்னோக்கி ஓடத் தொடங்கினால்
பிள்ளையை எடுப்பதைப் பற்றிப் பேசவேண்டும்.
பின்னோக்கி. அந்தச் சொல் மட்டும்
தடங்கலில்லாமல் வந்தது.

தொடையில் ஊசி, பிள்ளையின் நுரையீரலுக்காக.
யன்னலுக்குக் கீழே றைன் நதி.
இயந்திரமில்லாத படகொன்று
கம்பியில் கட்டுண்டு, தண்ணீரின் இழுப்பிலேயே
அக்கரைக்குப் போகிறது.

வேலைநேரத் தாளில் ஐம்பது நிமிடம்.
நடுவில் நின்ற நேரத்தையும்
சேர்த்துத்தான் எழுதினேன்.