நாலு மூலை

ஞாயிறு. புதுப்பேட்டையில் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
எழுபத்தொன்பது மாடல், ரெண்டே சீட், கடுகு நிறம்.
நாலு டயருக்கும் காற்று இருபத்தாறு வைத்துவிட்டு
வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை
டேப்பை இழுத்தார் சிராஜுதீன்.
முன் இடது முந்நூற்று அறுபத்தெட்டு.
முன் வலது
ஐம்பத்தேழு.

ஸ்பிரிங் போச்சா என்றேன்.
அவர் தண்ணீர் டியூபைத் தரையோடு நீட்டினார்.
போன வெள்ளத்துக்குப் பிறகு
சாக்கடைப் பக்கம் சரித்துப் போட்ட சிமெண்ட்.
டயருக்கடியில் மொசைக் துண்டுகளைச் செருகி
மறுபடி அளந்தால்
நாலு மில்லி தரையின் குற்றம்.
ஏழு மிச்சம்.

"உங்க எடை?"
எழுபத்திரண்டு.
ஏற இறங்கப் பார்த்தார்.
பிரியாணிக் கடையில் கைமாற்றாக வாங்கிய அரிசியை
என் சீட்டில் ஏற்றினார்:
மூன்று மூட்டை, மேலே ஒரு பத்து கிலோ பை.
"வண்டிகிட்ட பொய் சொன்னா டேப்ல காட்டிடும் சார்."

பிறகு இடது சீட்டைத் தடவினார்.
ரெக்சினில் மடிப்புகூட விழவில்லை.
"இந்தப் பக்கம் யாருமே உட்கார்றதில்லையா?"
நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

வலது வளையம் ஒன்றரைச் சுற்று.
ஜாக்கை இறக்கி, பானெட்டை அமுக்கி,
முன்னும் பின்னும் தள்ளி, உட்காரவிட்டு
அளந்தோம்.
அறுபத்தைந்து. அறுபத்துநாலு.
"அந்த ஒண்ணை விட்டுடுங்க. கார்ப்பரேஷனுக்கு."

அரிசி பதினொரு மணிக்குள் திரும்பவேண்டும்.
ஒரு மூட்டையை நானே கொடுத்துவிடுகிறேன் என்று
இடது சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினேன்.
பிரியாணிக் கடை மூன்றாவது கதவு.
நான் கூவம் பாலம் சுற்றிக்கொண்டு போனேன்.