ஐந்து மதிப்பெண் வினா

கீழ்க்கண்ட வரிகளில் பேசுவது யார்?
யாரிடம், எந்தச் சூழலில்?
பி.ஏ. முதலாண்டு, ஆங்கில இலக்கியம்.
எனக்கு எப்போதும் நாலரை வரும்.
அந்த அரை எங்கே போயிற்றென்று
கேட்டதில்லை.

இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று
கே.ஜி.எஃப். மாமா கேட்டதற்கு
ஹலசூரு மெட்ரோவில் தொங்கியபடி
இன்னும் சில காலைகளில் பதில் தேடுவதுண்டு.

பொம்மனஹள்ளி ஆடைத் தொழிற்சாலை,
இரண்டாம் தளம், காலர் தைக்கும் வரிசை.
பன்னிரண்டு பெண்கள்
ஒரே சனிக்கிழமை
தாமாகவே வேலையை விட்டார்களாம்.
நிர்வாகம் கடிதங்களை அடுக்கி வைத்தது.
எல்லாம் ஆங்கிலம்.
கீழே சகாயராணி தமிழில்,
நாகவேணி கன்னடத்தில்,
பர்வீன் தாஜ் வலமிருந்து இடமாக,
சிக்கதாயம்மா
ஊதா மையில் கட்டைவிரலாக.

கையெழுத்து அவங்களுதுதானேம்மா,
கொடுக்கிறதை வாங்கிட்டு முடிச்சிடு என்றார் சீனியர்.

பிரிவு எண்களைச் சட்டக் கல்லூரி தந்தது.
முத்திரைத்தாளை எங்கே வாங்குவது என்பதை
ஜெராக்ஸ் கடைப் பையன் தந்தான்.
அன்றிரவு கைகொடுத்தது
வேறொரு கெட்ட பழக்கம்:
மெதுவாக வாசிப்பது,
அர்த்தத்தை வாசலில் நிற்கவைத்துவிட்டு
நிறுத்தற்குறிகளைத் தடவிப் பார்ப்பது.

பன்னிரண்டிலும்
'ஆகையால்' வருமுன் ஓர் அரைப்புள்ளி,
அதுவும் சரியான இடத்தில்.
எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் அது கைவந்தது.
பன்னிரண்டிலும்
'தவிர்க்கவியலாத' என்ற ஆங்கிலச் சொல்லில்
ஒரே 'ஏ' காணாமல் போயிருந்தது.
பன்னிரண்டு பேருக்கும்
கணவரின் உடல்நிலை சரியில்லை.
நாகவேணியின் கணவன் செத்து
ஆறு வருஷம்.

குறுக்கு விசாரணை.
யார் எழுதியது?
அவர்களேதான்.
ஒவ்வொருவருமா?
ஒவ்வொருவரும், மேடம்.
இந்தச் சொல்லைக் கொஞ்சம் எழுதிக் காட்டுங்கள்.
மனிதவள மேலாளர்
தண்ணீர் குடித்துவிட்டு எழுதினார்.
'ஏ' இல்லை.

படத்தில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.
நீதிபதி காகிதத்தைப் பார்த்தார்,
மின்விசிறியைப் பார்த்தார்,
பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்.
மேலாளர் போகிற போக்கில்
என்னைப் பார்த்துச் சிரித்தார்கூட.

தாழ்வாரத்தில் சிக்கதாயம்மா
முந்தானையால் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டே
என் விரல் வெச்ச பேப்பர்ல
என்னதாம்மா இருக்கு என்றாள்.
நான் விறைத்துப்போனேன்.
மூன்று மாதம்.
அரைப்புள்ளியை எண்ணியவள்
அவளுக்கு ஒரு வரி படித்துக் காட்டவில்லை.

சுவரோரம் உட்கார்ந்து
வாய்க்கு வந்த கன்னடத்தில்
வரிவரியாகச் சொன்னேன்.
கண்மூடிக் கேட்டாள்.
கணவரின் உடல்நிலை வந்தபோது
லேசாகத் தலையாட்டினாள்,
யாருக்கோ நேர்ந்த துக்கத்துக்கு ஆட்டுவதுபோல.

முடிந்ததும் சொன்னாள்:
நல்லாத்தான் எழுதியிருக்கான்.
ஆனா இதுல பேசறது நானில்லையே.

வெளியே மழை.
ஐந்நூறு-டி பஸ்ஸில்
அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது.