கோட்டுக்கு இந்தப் பக்கம்

பல்லடம் ரோட்டு பனியன் கம்பெனி.
நோட்டில் நடுவே ஒரு கோடிழுத்தேன்:
இந்தப் பக்கம் ஓட்டை,
அந்தப் பக்கம் நடந்தது.

சென்னியப்பன் மானிட்டர் ஓரம்
மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டு.
ஓட்டையில் எழுதினேன்.
"ஏதாச்சும் போயிருச்சுங்களா?"
இல்லீங்க.
"அப்பறம் என்னத்துக்குங்க பதட்டம்?"

ஓட்டைக்குத் தேதி கிடையாது.
நடந்ததற்கு மணி, நிமிடம் கேட்பார்கள்.

ஆடிப் பதினெட்டு லீவு.
கட்டிங் மேசைகூடத் துணி போர்த்திக் கிடந்த அன்று
ஜெர்மனிக்குப் போன பில்லில்
எங்கள் பேங்க் கணக்கு எண் மட்டும்
வேறு யாருடையதோ.

பேனாவோடு உட்கார்ந்தேன்.
எந்த நிமிடம் கோட்டைத் தாண்டியது?
லாக் ஏழு நாள்தான் நிற்கும்.
அதற்கு முன்
யார் வந்து போனார்களோ.

சீட்டைக் கிழித்தார் சென்னியப்பன்.
பசை மட்டும் அங்கேயே,
பஞ்சுத்தூசி பிடித்து.